அட்டை இழந்த பாணர்கள்

பாணனுக்குக் கையில் யாழ் இருந்தால் மட்டும் போதாது. பாடுவதற்கு ஒரு முற்றமும், இருந்து கேட்பதற்கு நாலு பேரும் வேண்டும். யாழைப் பறிக்காமல், நாவையும் அடக்காமல், முற்றத்தை மட்டும் அடைத்துவிட்டால் அவன் என்ன ஆவான்? நியூயார்க் நகரத்து ஜாஸ் இசைவாணர் பலர் 1940 முதல் 1967 வரை இவ்வினாவைத் தம் வாழ்வில் எதிர்கொள்ள நேர்ந்தது. அவர்தம் வாழ்க்கையைக் கூறும் நூல்கள் பலவுள. குடி, போதை, வறுமை, இளவயதுச் சாவு ஆகியவற்றை அவை விரித்துரைக்கின்றன. ஆயின் அத்துன்பங்களுக்கு நடுவே நின்ற சிறியதோர் அட்டையின் வரலாறு பொதுவாசகரை அவ்வளவாக வந்தடையவில்லை. கலைஞனின் வாழ்வும் அவன் கலை நிகழும் இடமும் எவ்வாறு ஒன்றையொன்று சார்ந்துள்ளன என்பதை அவ்வட்டையின் வழியே நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரவு விடுதியும் இசையும்

ஜாஸ் என்பது அமெரிக்கக் கருப்பின மக்களிடையே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், நியூ ஆர்லியன்சு நகரில் உருப்பெற்ற இசை. தேவாலயப் பாடல், துயரப் பாடலாகிய புளூஸ், படை அணிவகுப்பு இசை, ராக்டைம் எனப்பட்ட துள்ளலிசை ஆகிய பல ஓடைகள் அதில் வந்து கலந்தன. அதன் உயிர்நிலை உடன்கற்பனை. எல்லாரும் அறிந்த ஒரு மெட்டினை எடுத்துக்கொண்டு, அதன் அடிச்சட்டகத்தை மனத்திற் கொண்டு, அந்தக் கணத்தில் தோன்றும் புதிய இசையை வாசிப்பவர் அதன்மேல் எழுப்புவார். கருநாடக இசையை அறிந்தோர் மனோதர்மம் என்னும் சொல்லைக் கொண்டு இதனை ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

இத்தகைய இசை தனியறையில் முழுமை பெறுவதில்லை. உடன் வாசிப்போர் வேண்டும், கேட்போர் வேண்டும், ஒரே பாடலை நூறு இரவுகள் வாசித்து, நூற்றியோராவது இரவில் அதற்குள் புதுவழி காண்பதற்குரிய தொடர்ச்சியும் வேண்டும். இவை மூன்றையும் ஒருங்கே தந்த இடம் இரவு விடுதி. சில மேசைகள், மதுவழங்கும் ஒரு நீண்ட பலகை, மூலையில் சிறு மேடை. முன்னிரவில் தொடங்கும் வாசிப்பு விடியலை நெருங்கும்வரை நீளும். இசைத்தட்டு புகழ் தந்ததே அன்றி, பெரும்பாலோர்க்கு அடுப்பெரியப் போதுமான பணம் தரவில்லை. வயிற்றுக்குச் சோறும் கலைக்குப் பயிற்சியும் ஒருசேரக் கிடைத்தது விடுதியில்தான். ஜாஸ் உலகின் தலைநகர் எனத்தக்க நியூயார்க்கில் ஐம்பத்திரண்டாம் தெருவும், ஆர்லெம் பகுதியின் மின்டன் விடுதியும், பிராட்வேயின் பேர்ட்லேண்டும் இவ்வாறே பெயர் பெற்றன.

அட்டை வந்த வரலாறு

நியூயார்க் நகரம் 1926இல் காபரே சட்டம் என்ற ஒன்றை இயற்றிற்று. உணவோ பானமோ விற்கும் இடத்தில் இசையும் நடனமும் நிகழ வேண்டுமெனில் அவ்விடத்திற்கு உரிமம் பெற வேண்டும் என்பது அதன் சாரம். வெள்ளையரும் கருப்பரும் கலந்து ஆடிய ஆர்லெம் விடுதிகளைக் கட்டுப்படுத்துவதே அதன் உள்நோக்கம் என வரலாற்றாசிரியர் சிலர் கருதுவர்.

1940இல் இக்கட்டுப்பாடு இடத்தைக் கடந்து மனிதரையும் பற்றிக்கொண்டது. விடுதியில் பணிபுரியும் ஒவ்வொருவரும், அவர் பாடகராயினும் பரிசாரகராயினும், காவல் துறையிடம் கைரேகையும் நிழற்படமும் கொடுத்து ஓர் அடையாள அட்டை பெற வேண்டும் என்ற முறை வந்தது. இதுவே காபரே அட்டை. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனைப் புதுப்பித்தாக வேண்டும். போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்றவருக்கு அட்டை மறுக்கப்பட்டது. முன்பே பெற்றிருந்தால் பறிக்கப்பட்டது. நீதிமன்றம் விதித்த தண்டனையை ஒருவர் சிறையிலிருந்து கழித்துவிடலாம். காவல் துறை விதித்த இத்தண்டனைக்கோ கால எல்லை கிடையாது.

இதில் ஒரு முரண் உண்டு. மது விற்காத இசையரங்குகளுக்கும் நாடகக் கொட்டகைகளுக்கும் இந்த அட்டை தேவைப்படவில்லை. இசைத்தட்டுப் பதிவுக்கும் தேவைப்படவில்லை. ஆகவே அட்டை இழந்தவர் பாடக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நாள்தோறும் பாடிப் பிழைக்கும் இடத்தில் பாடக்கூடாது என்பதே தடை.

ஹாலிடேயின் பன்னிரண்டு ஆண்டுகள்

இம்முரண் முழுவடிவில் வெளிப்பட்டது பில்லி ஹாலிடேயின் வாழ்வில். 1915இல் பிலடெல்பியாவில் பிறந்து பால்ட்டிமோரில் வளர்ந்தவர் அவர். பெரிய குரலோ விரிந்த எல்லையோ அவருக்கு இல்லை. ஒரு சொல்லைத் தாளத்திற்குச் சற்றே பின்னே நிறுத்தி, அச்சொல்லின் பொருள் முழுவதும் கேட்பவர் நெஞ்சில் இறங்கிய பிறகே அடுத்த சொல்லுக்குச் செல்லும் கலை இருந்தது. 1939இல் கஃபே சொசைட்டி என்னும் விடுதியில், கருப்பின மக்கள் அடித்துக் கொல்லப்பட்டு மரங்களில் தொங்கவிடப்பட்ட கொடுமையைக் கூறும் 'ஸ்ட்ரேஞ்சு ஃப்ரூட்' பாடலை அவர் பாடினார். ஏபல் மீரோபோல் என்னும் பள்ளி ஆசிரியர் எழுதிய கவிதை அது. ஹாலிடே ஒப்பந்தம் செய்திருந்த கொலம்பியா நிறுவனம் அதனைப் பதிவு செய்ய விரும்பவில்லை; கொமடோர் என்னும் சிறு நிறுவனமே இசைத்தட்டாக்கியது. அப்பாடல் மக்களிடையே வேர்கொண்டது ஒரு விடுதியின் மேடையிலிருந்துதான் என்பது இங்கு நினைவிற் கொள்ளத்தக்கது.

1947இல் போதைப்பொருள் வழக்கில் அவர் ஓராண்டும் ஒரு நாளும் சிறைத்தண்டனை பெற்று, மேற்கு விர்ஜீனியாவின் ஆல்டர்சன் சிறைக்கு அனுப்பப்பட்டார். 1948 மார்ச்சில் விடுதலை பெற்ற சில நாட்களில், மார்ச் 27ஆம் நாள், நியூயார்க் கார்னகி அரங்கில் பாடினார். அரங்கு நிரம்பி வழிந்தது. ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று வரவேற்ற அந்தப் பாடகிக்கு, நூறு பேர் அமரும் விடுதியில் பாட உரிமையில்லை. அதே ஆண்டில், தன் செல்வாக்கினால் அட்டையை மீட்டுத் தருவதாக நம்பிய ஒரு விடுதிக்காரர் அட்டையின்றியே அவரை மேடையேற்றியதும் உண்டு. சட்டம் ஆளுக்கொரு முகம் காட்டியது என்பதற்கு அதுவும் சான்று. ஆயினும் அட்டை அவருக்குத் திரும்பக் கிடைக்கவேயில்லை.

எஞ்சிய வாழ்நாளில் அவர் ஊர் ஊராகப் பயணம் செய்தார். 1954இல் ஐரோப்பா சென்றார். தன்வரலாறு 1956இல் வெளிவந்தபோது மீண்டும் கார்னகி அரங்கில் பாடினார். சொந்த நகரில் ஒரு விடுதியில் நிலைத்திருந்து, அறிந்த துணைவரோடு இரவுதோறும் பாடும் வாழ்வு மட்டும் வாய்க்கவில்லை. 1959 மே 25ஆம் நாள் அவர் இறுதியாகப் பாடிய இடமும் நியூயார்க்கின் ஒரு நாடகக் கொட்டகையே. சில நாட்களில் நோயுற்று மருத்துவமனையில் சேர்ந்த அவரைப் படுக்கையிலேயே காவல் துறை கைது செய்தது. அறைவாயிலில் காவலர் நின்றனர். ஜூலை 17ஆம் நாள் தம் 44ஆம் வயதில் அவர் இறந்தபோது வங்கிக் கணக்கில் இருந்த தொகை 70 சென்ட்.

மங்க் காத்த மௌனம்

தெலோனியஸ் மங்க் 1917இல் வட கரோலினாவில் பிறந்து, ஐந்து வயதுக்குள் நியூயார்க் வந்தவர். 1940களின் தொடக்கத்தில் மின்டன் விடுதியின் நிலைய பியானோக் கலைஞராக இருந்து, பீபாப் என்னும் புதுநெறி தோன்றக் காரணமானவர்களுள் ஒருவரானார். இரு சுரங்களை மோதவிட்டு, அவற்றின் இடையே நீண்ட அமைதியை வைப்பது அவர் பாணி. முதலிற் கேட்டோர் பிழை என்றனர். பழகக் கேட்டோர் அதுவே இலக்கணம் என்றனர்.

1951 ஆகஸ்டில் அவரும் அவருடைய இளைய நண்பரான பியானோக் கலைஞர் பட் பவலும் ஒரு காரில் அமர்ந்திருந்தபோது காவலர் சோதனையிட்டனர். காரிலிருந்து போதைப்பொருட் பொட்டலம் ஒன்று எடுக்கப்பட்டது. அது எவருடையது என்று சொல்லியிருந்தால் மங்க் தப்பியிருக்கலாம். அவர் சொல்லவில்லை. பவல் 1945இலேயே காவலரால் தலையில் அடிபட்டு, மனநோய் மருத்துவமனைகளில் துன்புற்றவர். மீண்டும் ஓர் அடியை அவர் தாங்கமாட்டார் என்பதை மங்க் அறிந்திருந்தார். அறுபது நாட்கள் சிறை. அதன்பின் அட்டை பறிப்பு.

ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் மங்க் நியூயார்க்கின் முதன்மையான விடுதிகள் எதிலும் வாசிக்க இயலவில்லை. முப்பத்து மூன்று வயது முதல் முப்பத்தொன்பது வரை, ஒரு கலைஞனின் நடுப்பகல் எனத்தக்க காலம் அது. புரூக்ளின் பகுதியின் சிறு இடங்களிலும் வெளியூர்களிலும் அவ்வப்போது வாசித்தார். துணைவியார் நெல்லி வேலைக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கினார். இசைத்தட்டுகள் விலைபோகாமையால், 1955இல் ரிவர்சைடு என்னும் சிறு நிறுவனம் அவரைப் பிரஸ்டீஜ் நிறுவனத்திடமிருந்து விடுவித்துக்கொள்ளக் கொடுக்க நேர்ந்தது, அவர் அங்கே பட்டிருந்த கடனாகிய 108 டாலர் 27 சென்ட் மட்டுமே.

ஹாரி கொலம்பி என்னும் பள்ளி ஆசிரியர் அவருடைய மேலாளராகிப் பல முயற்சிகள் செய்தபின், 1957இல் அட்டை திரும்பி வந்தது. அவ்வாண்டின் ஜூலையில் ஃபைவ் ஸ்பாட் என்னும் சிறு விடுதியில் மங்க் வாசிக்கத் தொடங்கினார். உடன் சாக்சபோன் வாசித்தவர் முப்பது வயது ஜான் கோல்ட்ரேன். போதைப் பழக்கத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த கோல்ட்ரேன், அந்த ஆறு மாத இரவுகளில் மங்கிடம் பாடம் கேட்டார் என்றே சொல்லலாம். ஓவியரும் கவிஞரும் நெருக்கியடித்து வந்து கேட்டனர். ஆறு ஆண்டுகள் மூடியிருந்த புகழின் கதவு ஆறு மாதங்களில் திறந்தது.

மறு ஆண்டே மீண்டும் அடி விழுந்தது. 1958 அக்டோபரில் பால்ட்டிமோர் செல்லும் வழியில், டெலவேர் மாநிலத்துத் தங்குவிடுதி ஒன்றில் குடிக்கத் தண்ணீர் கேட்கப்போன மங்க், காவலரால் அடித்துக் கைது செய்யப்பட்டார். அட்டை மறுபடி பறிபோய், 1960இல்தான் திரும்பியது. 1964 பிப்ரவரியில் 'டைம்' இதழின் அட்டையில் அவர் முகம் இடம்பெற்றது. ஓர் அட்டை இல்லாமையால் மறைக்கப்பட்டிருந்தவர் மற்றோர் அட்டையால் உலகறியப்பட்டார்.

பிறர் சென்ற வழிகள்

'பேர்டு' என்று அழைக்கப்பட்ட சாக்சபோன் மேதை சார்லி பார்க்கர் 1951இல் அட்டை இழந்தார். அவர் பெயரைத் தாங்கி 1949 டிசம்பரில் திறக்கப்பட்ட பேர்ட்லேண்டு விடுதி அதே நகரில் விளக்கெரிந்துகொண்டிருந்தது. 1953இல் மது ஆணையத்திற்கு அவர் எழுதிய கடிதம், குற்றம் எதுவும் அறியாத தம் மனைவி மக்கள் படும் துன்பத்தை எடுத்துரைத்து, தொழில் செய்யும் உரிமையை வேண்டியது. அட்டை பின்னர் கிடைத்தது. ஆயினும் 1955இல் தம் 34ஆம் வயதில் அவர் மறைந்தார்.

டிராம்போன் கலைஞர் ஜே.ஜே. ஜான்சனுக்குப் பழைய தண்டனை ஒன்றைக் காட்டி நிரந்தர அட்டை மறுக்கப்பட்டு வந்தது. தம் கருவியில் தமக்கு நிகரில்லாத அவர், 1952 முதல் 1954 வரை ஒரு தொழிற்சாலையில் வரைபடச் சோதனையாளராகப் பணிபுரிந்தவர். மேக்ஸ்வெல் கோஹன் என்னும் வழக்குரைஞரின் துணையோடு 1959இல் நீதிமன்றம் சென்று தம் உரிமையை நிலைநாட்டினார். சாக்சபோன் கலைஞர் ஜாக்கி மக்லீன் நாடகத்தில் வழி கண்டார். 1959இல் தொடங்கிய 'தி கனெக்‌ஷன்' என்னும் நாடகத்தில் மேடைமீதே இசைத்துக்கொண்டு நடித்தார். கொட்டகைக்குத்தான் அட்டை வேண்டாவே! பிற்காலத்தில் அவர் ஹார்ட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராய்த் திகழ்ந்தார். ஃபிராங்க் சினாட்ரா கைரேகை தர மறுத்து, நியூயார்க் விடுதிகளே வேண்டாமென்று ஒதுங்கினார். திரைப்படமும் பெருஞ்செல்வமும் உடையவர்க்கு அந்தத் தன்மானம் எளிது. விடுதிக் கூலியை நம்பி வாழ்ந்தவர்க்கு அது இயலாது.

துன்பம் கலையை வளர்த்ததா?

கவிஞரிடையே வழங்கும் கருத்து ஒன்று இங்கு ஆராயத்தக்கது. துன்பமே கலையின் தாய் என்பது அது. மங்க் வீட்டில் அடைபட்டுக் கிடந்ததனாலன்றோ அரிய இசைகளை ஆக்கினார் என்று கேட்போர் உளர். ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இக்கருத்து நிற்கவில்லை.

அவருடைய புகழ்மிக்க ஆக்கமாகிய 'ரவுண்ட் மிட்நைட்' 1944இலேயே இசைத்தட்டில் வந்துவிட்டது. 'ரூபி, மை டியர்', 'வெல், யூ நீடின்ட்' ஆகியன 1947இல் பதிவானவை. 'ஸ்ட்ரெய்ட், நோ சேசர்' 1951 ஜூலையில், கைதாவதற்குச் சில வாரங்களுக்கு முன் பதிவாயிற்று. அட்டை பறிபோகும் முன்னரே மங்க் முழுமையான கலைஞர்.

அட்டையற்ற காலத்திலும் அவர் ஆக்கினார் என்பது உண்மையே. ஆனால் அவ்வாக்கம் பட்ட பாட்டையும் பார்க்க வேண்டும். 1956 அக்டோபரில் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்' என்னும் கடினமான ஆக்கத்தைப் பதிவு செய்தபோது, சோனி ராலின்சு, மேக்ஸ் ரோச்சு முதலிய வல்லுநர் உடனிருந்தும், இருபத்தைந்து முறை முயன்றும், ஒருமுறைகூட முழுமையாக வாசிக்க முடியவில்லை. துண்டுகளை ஒட்டியே இசைத்தட்டு உருவாயிற்று. இரவுதோறும் கூடி வாசித்துப் பழகிய குழு ஒன்று மங்குக்கு இருந்திருப்பின் இந்நிலை நேர்ந்திருக்குமா என்பது எண்ணத்தக்கது. ஃபைவ் ஸ்பாட்டின் ஆறு மாதங்கள் அதற்கு மறைமுகமான விடை. கோல்ட்ரேனுடன் 1957 நவம்பர் 29ஆம் நாள் மங்க் கார்னகி அரங்கில் வாசித்ததன் ஒலிநாடா, 2005இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது. தட்டுத்தடுமாற்றம் சிறிதுமின்றி, ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்து வாசிக்கும் இசையை அதிற் கேட்கலாம். அந்த இசையைத் தந்தது துன்பமன்று. விடுதியில் கிடைத்த தொடர்ந்த வேலை.

போதைப் பழக்கம் இக்கலைஞர்களை அழித்ததில் ஐயமில்லை. அட்டை மட்டுமே அவர்களைக் கொன்றது என்று சொல்வது மிகையாகும். நோயாளிக்கு மருந்து தர வேண்டிய இடத்தில் வேலையைப் பறித்தது சட்டம் என்பதே பிழை. வேலையிழந்தவர் நோயிலிருந்து மீள்வது மேலும் அரிதாயிற்று.

சட்டத்தின் முடிவு

1960 அக்டோபரில் லார்ட் பக்லி என்னும் நகைச்சுவைக் கலைஞரின் அட்டையைக் காவல் துறை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முந்தைய கைது ஒன்றை அவர் விண்ணப்பத்தில் குறிப்பிடவில்லை என்பது காரணம். நவம்பர் 12ஆம் நாள் அவர் இறந்துபோனார். எழுத்தாளரும் வழக்குரைஞரும் குரல் எழுப்பினர். செய்தித்தாள்கள் அட்டை முறையை ஆராயத் தொடங்கின. படிப்படியாக வலுவிழந்த அம்முறையை நகர மன்றம் 1967இல் ஒழித்தது. 1926ஆம் ஆண்டின் மூலச்சட்டம் 2017இல்தான் முழுமையாக நீக்கப்பட்டது. அதற்குப் பதினோராண்டு முன்னர், 2006இல், மங்குக்குப் புலிட்சர் சிறப்பு விருது வழங்கப்பெற்றது. அவர் மறைந்து இருபத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

கவிஞன் கண்ட சாட்சியம்

ஹாலிடேயின் கடைசி ஆண்டுகளில் அவருக்குப் பியானோ வாசித்த மால் வால்ட்ரன், ஃபைவ் ஸ்பாட்டில் கவிஞர் கென்னத் கோக் கவிதை படித்தபோது பியானோ வாசித்ததுண்டு. அங்கே வந்திருந்த ஹாலிடே, கேட்டுக்கொண்டதற்கிணங்கப் பாடினார். அட்டையில்லாத அவர் அங்கே பாடியது சட்டப்படி குற்றம். கேட்டவருள் கவிஞர் ஃபிராங்க் ஓ'ஹாராவும் ஒருவர்.

1959 ஜூலை 17 அன்று, நாளிதழில் ஹாலிடேயின் படத்தைக் கண்டு ஓ'ஹாரா ஒரு கவிதை எழுதினார். 'லேடி டே' என்பது ஹாலிடேக்கு நண்பர் சூட்டிய பெயர். அதனைப் புரட்டி, லேடி இறந்த நாள் எனப் பொருள்படும் தலைப்பை அவர் அமைத்தார். கடை கடையாக ஏறி இறங்கும் அன்றாட அலுவல்களைச் சொல்லிவந்து, அந்த இரவின் நினைவில் அக்கவிதை முடிகிறது.

காவல் துறையின் கோப்புகளில் ஹாலிடே என்பவர் கைரேகையும் குற்ற எண்ணும் கொண்ட ஒரு பெயர். தடையை மீறி அவர் பாடிய அந்த இரவு எந்தக் கோப்பிலும் ஏறாமல், ஒரு கவிதையில் ஏறிற்று. அன்று அவ்விடுதியில் கவிஞர்கள் இருந்தார்கள், கேட்டார்கள், எழுதி வைத்தார்கள். முற்றம் அடைபட்ட பாணனுக்கு உடன்வாழும் புலவன் செய்யக்கூடிய உதவி அது.